மறுபடியும் குடிக்க ஆரம்பித்த சைக்கிள்

1

இந்தக் கதை, ஒரு குறுஞ்செய்தியை நான் தப்பாகப் படித்ததில் பிறந்தது. எப்படியும் கொஞ்ச நேரத்தில் தெரியத்தான் போகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதைக்கு விதை எங்கே கிடைத்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஏதேதோ சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது பல் டாக்டர் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு பக்கக் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தபோது.

அண்ணி அனுப்பியிருந்தார். ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

"மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சாச்சு. நேத்து ஃபுல்லு. காலைல பாத்தா மொத்தமும் காலி. முடிஞ்சா வந்து பாரு."

என் அண்ணன் குடியை விட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இப்போது அந்தச் செய்தியை இன்னொரு தரம் படியுங்கள். உங்களுக்குச் சைக்கிள் ஞாபகம் வரும், ஏனென்றால் மேலே தலைப்பு இருக்கிறது. எனக்குத் தலைப்பு எதுவும் அனுப்பப்படவில்லை. 

பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். செய்தவர் யார் என்பது வெளியே தெரியாது, ஆனால் வினைச்சொல்லின் வாலைப் பிடித்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். 'வந்தான்' என்றால் அவன். 'வந்தாள்' என்றால் அவள். 'ஆரம்பிச்சாச்சு' என்ற சொல்லுக்கோ வாலே கிடையாது. அவனா, அதுவா, ஊர்க்காரர்கள் எல்லாருமா, ஒன்றும் தெரியாது. "பாலைக் கொட்டியாச்சு" என்று யாராவது சொன்னால் கொட்டியது யார் என்று வீடே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்.

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. பல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன்.

2

பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் மறுபடியும் குடிக்கிறான் என்று தெரிந்து பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டவில்லை, தங்கச்சிக்காரி போனை எடுத்து முதல் வரி தட்டுகிறாள். என்ன ஜென்மமோ. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது, வீங்காத பக்கத்தில்.

முதல் வரி இது:

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவன் கதவைத் திறந்தபோது அவள்

(மழையெல்லாம் இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். சோகம் என்றதும் எனக்கு ஏன் மழை வருகிறதோ தெரியவில்லை.)

இன்னொன்று:

விட்டுவிட்டேன் என்று சொல்வது ஒரு வாக்கியம் அல்ல, அது ஒரு

(ஒரு என்ன? அழகாக ஏதோ வரப்போகிறது என்று கையை ஓங்கிவிட்டு, ஒன்றும் வராமல் கையை இறக்கிய இடம் இது.)

கடைசியாக:

என் அண்ணன் நல்லவன்தான். ஆனால்

இந்த 'ஆனால்' வந்ததும் அழுகை வந்துவிட்டது. அவன் நல்லவன்தான். அந்த வருஷங்களில் நாங்கள் எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. அதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயமாக இருந்தது. பக்கத்து சீட்டு அம்மா என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பல்லு வலியா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

3

கதவு திறந்தே கிடந்தது. வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் குறுகலான நடையில் அண்ணன் குந்தி உட்கார்ந்திருந்தான். எதிரே சைக்கிள். மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருந்தது. கையில் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஏதோ வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சைக்கிளைப் பார்க்கிற மாதிரி குனிந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் போனேன். ஒருவர் குடிக்கிற வீட்டில் மற்றவர்கள் எல்லாம் இப்படி ஒரு குனிதலைக் கற்றுக்கொள்வார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கும்போது மூக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

அவனுக்குத் தெரியாதா என்ன. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் மூஞ்சிக்கு நேரே வாயைத் திறந்தான். "ஹாஆ."

டீ வாசனை.

"போதுமா? இன்னொரு தரம் ஊதவா?"

"நான் ஒண்ணும் அதுக்காக வரல."

"அப்ப எதுக்கு வந்த? கன்னம் ஏண்டி பன்னு மாதிரி இருக்கு?"

சமையலறையிலிருந்து அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். (அண்ணனுக்கு 'ஆன்', அண்ணிக்கு 'ஆர்'. எங்கள் வீட்டு இலக்கணம் இது, மாற்ற முடியாது.) "வந்துட்டியா? பாரேன் இந்தக் கொடுமைய. நேத்து சாயங்காலம் ஃபுல்லா சார்ஜ் ஏத்துனது, காலைல மொத்தமும் குடிச்சிட்டு நிக்குது. உன் போன்ல பாத்து என்னன்னு சொல்லு."

நான் போனை எடுத்து அவர் அனுப்பியதை அவருக்கே காட்டினேன். படித்தார். "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் எட்டி வாங்கிப் படித்தான். "ஃபுல்லு!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவன், சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "சைக்கிள்னு ஒரு வார்த்தை சேத்தா என்ன அண்ணி கேடு?"

"உனக்குத்தானே அனுப்புறேன், உனக்குத் தெரியாதா?"

அதுவும் நியாயம்தான். அந்தச் சைக்கிளின் கியரைக் கவனிக்கும் செயலி என் போனில்தான் இருக்கிறது. அண்ணனுடைய போன் பழசு, அதில் ஏறாது. பேட்டரி என்றால் கூப்பிட வேண்டிய ஆள் நான்தான். ஆனால் அன்றைக்குப் பேட்டரி என் தலையில் எந்த மூலையிலும் இல்லை.

அப்பாடா என்று நானும் அந்த நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதை போனது. போகட்டும், சனியன். பல்கூட வலிக்கவில்லை.

4

கதை போய்விட்டது என்றால் இது என்ன என்று நீங்கள் கேட்கலாம். சைக்கிள் ஏன் குடிக்கிறது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டுரை மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண கியருக்கு ஒரு கம்பி உண்டு, நெம்புகோலை விரலால் அழுத்தித் தள்ள வேண்டும். குடித்த வருஷங்கள் அண்ணன் விரல்களில் பாதி உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டன. அதனால் அவனுடையது கம்பியில்லாத கியர். ஹேண்டில்பாரில் பட்டன் இருக்கும், தொட்டால் போதும். பின்சக்கரத்துப் பக்கம் இருக்கிற குட்டி மோட்டார் விர்ரென்று செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போடும். மோட்டாருக்கு ஒரு பேட்டரி, அதுதான் அந்தத் தீப்பெட்டி. பட்டனுக்குள்ளே காசு மாதிரி ஒரு சின்ன செல். சைக்கிள் சும்மா நிற்கும்போது மோட்டார் தூங்கிவிடும். அதனால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் வரும். செல்லோ வருஷக்கணக்கில் வரும்.

வர வேண்டும். அண்ணனுடையதில் வரவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் ஓட்டுவான், எந்தச் சரக்கு லாரி எந்த வழியில் போவது என்று திட்டம் போட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போவான், அது நல்ல ஏற்றம். அங்கே பாதியில் பேட்டரி செத்தால் கியர் எதில் இருந்ததோ அதிலேயே சிக்கிக்கொள்ளும். மிதிக்கவே முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிடும்.

வந்து என்ன சொல்வான்? "பேட்டரி தீந்துடுச்சு."

பஸ் வரல. டயர் பஞ்சர். ஆபீஸ்ல திடீர்னு மீட்டிங். போன்ல சார்ஜ் இல்ல. பழைய வருஷங்களில் கதவைத் திறந்ததும் அண்ணி கேட்ட வாக்கியங்கள் இவை. 'பேட்டரி தீந்துடுச்சு' அந்த வரிசையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

"அன்னைக்கெல்லாம் பொய் சொன்னேன், நம்பினா," என்றான் அண்ணன் என்னிடம். "இப்ப நெஜத்தச் சொல்றேன், என் முகத்தையே பாக்குறா. ஒண்ணும் கேக்க மாட்டா. பாக்குறா, அவ்ளோதான். எப்படியாவது இத சரி பண்ணிக் குடுறி."

கதையில் என்ன நஷ்டம், யாருக்கு நஷ்டம் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். இதுதான். ஒருவன் சொல்வதை அவன் வீட்டில் நம்ப வேண்டும். அது தீப்பெட்டி அளவு பேட்டரியில் மாட்டிக்கொண்டிருந்தது.

5

சைக்கிள் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் 'பாத்துரலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

இவரை எழுதுவதில் எனக்கு ஒரு சிக்கல். கதைகளில் மெக்கானிக் என்றால் அழுக்குத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு மௌனமாக இருப்பார், கடைசியில் ஒரே வரியில் படித்தவர்கள் வாயை அடைத்துவிடுவார். நம் ஆள் வாயை மூடினால்தானே. சொன்னதில் பாதி தப்பு. தப்பு என்று தெரிந்ததும் அடுத்த தப்பை அதே தெம்போடு சொல்வார். இவரை அடித்துவிட்டு மௌனமான ஒருவரைப் போடலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை, ஆள் தங்கமானவர்.

"பேட்டரிக்கு வயசாயிடுச்சு மேடம், வேற ஒண்ணுமில்ல," என்றார். கடைப் பேட்டரி ஒன்றை மாட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அதுவும் காலி.

"அப்ப சாஃப்ட்வேரு." என் போனை வாங்கி எல்லாவற்றையும் புதுப்பித்தார். மறுநாள் காலையில் காலி.

"அப்ப ஆட்டம்! லேசா ஆடுனாலே ஓட்டப்போறாங்கன்னு நெனச்சு மோட்டார் முழிச்சுக்கும். பக்கத்துல வாஷிங் மெஷின் ஓடுதா சார்?"

"இல்ல," என்றான் அண்ணன்.

"மாடில யாராவது டான்ஸ் ஆடுறாங்களா?"

"மேல மொட்டை மாடி."

"வீட்ல சைக்கிள எப்படி நிறுத்துவீங்க?"

"சுவத்துல சாய்ச்சு வெச்சிருப்பேன்," என்றான் அண்ணன். அண்ணி பக்கத்தில் நிற்க, கேள்வி முடியுமுன் பதில் வந்தது. (அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது இந்த வேகம் உறுத்துகிறது.)

"பாத்துரலாம். ஒரு நாள் இங்க விட்டுட்டுப் போங்க."

விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் மூன்று பேரும் மறுபடி போனோம். அவர் பட்டனைத் தொட்டார். பேட்டரியில் பச்சை விளக்கு. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

"சைக்கிள்ல கோளாறே இல்ல," என்றார் பாத்துரலாம், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து. "உங்க வீட்லதான் ஏதோ இருக்கு."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் சைக்கிள் மணிகளைப் பார்க்கப் போய்விட்டான்.

கடைக்காரர் விடவில்லை. வலது பக்கப் பட்டனைத் திறந்து உள்ளே இருந்த செல்லை எடுத்து உச்சுக்கொட்டினார். "ஐய, இதுவும் அவுட்டாகப் போகுது. புதுசு போட்டு ஒரு மாசம் ஆகல. பெரிய பேட்டரி மட்டும் தீந்தா ஆட்டம்னு சொல்லலாம். ரெண்டும் தீருதுன்னா, இந்தப் பட்டன யாரோ அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம். மணிக்கணக்கா."

"யாரு?" என்றேன்.

"அதான் தெரியல. பாத்துரலாம்."

6

மறுநாள் மத்தியானம் நான் மட்டும் போனேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

துப்பறியும் கதை எழுத எனக்கு வராது. ஒருமுறை முயற்சி செய்து, கொலைகாரன் யார் என்பது எனக்கே மறந்துபோய்விட்டது. ஆனாலும் முட்டி போட்டுக்கொண்டு நடையைப் பார்த்தேன். இடது சுவர். சைக்கிள் அதில் சாய்ந்திருந்தது. பட்டனை எதுவும் தொடவில்லை. வலது பக்கம் செருப்பு அலமாரி, அதுவும் தொடவில்லை. அப்புறம் வாசல் கதவு. அதன் உள்பக்கம், என் இடுப்பு உயரத்தில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், கறுப்பாக ரப்பர் தேய்ந்த தடம். ஒருநாள் தேய்த்தது இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டையாக இருந்தது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் மூடிய கதவில் சாய்த்தேன். ஹேண்டில்பார் தானாக அந்தத் தடத்தில் போய் உட்கார்ந்தது. தாழ்ப்பாளின் குமிழ் வலது பட்டனை அழுத்தியது.

விர்ர்.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

அண்ணி வந்து நடையின் அந்தப் பக்கம் நின்றார். ஈரக் கை. கதவையும் சைக்கிளையும் என்னையும் பார்த்தார்.

"அது நான்தான்," என்றார்.

(இங்கே நான் எழுதி அடித்தது: அவள் கண்களில் ஆயிரம் — ஆயிரம் ஒன்றுமில்லை. திருட்டு முழி முழித்தார், அவ்வளவுதான்.)

"முன்னெல்லாம் கதவுகிட்ட பக்கெட் வெப்பேன்," என்றார். "உங்கண்ணன் ராத்திரி நடுவுல எந்திரிச்சு வெளிய போனா பக்கெட் உருளும், நான் முழிச்சுப்பேன். பின்னாடியே போயி கூட்டிட்டு வருவேன். அப்புறம் அவரு விட்டுட்டாரு. பக்கெட்ட நானும் எடுத்துட்டேன். சத்தியமா எடுத்துட்டேன்."

"சரி அண்ணி. அப்புறம் இது?"

"அன்னைக்கு மேட்டுல பேட்டரி தீந்து மத்தியானமா வந்தாருல்ல, அன்னைக்குத்தான். படுத்தா தூக்கம் வரல. எந்திரிச்சுப் போயி சைக்கிளக் கதவுல சாய்ச்சேன். தூக்கம் வந்துருச்சு."

அப்படியென்றால் முதல் தரம் மட்டும் அண்ணன் சார்ஜ் போட மறந்திருக்கிறான். அவன் தாமதமாக வந்தான். அண்ணி பயந்து சைக்கிளைக் கதவில் சாய்த்தார். அதனால் பேட்டரி தீர்ந்தது. அதனால் அவன் மறுபடியும் தாமதம். அதனால் அண்ணிக்கு மறுபடியும் பயம். இரண்டு பேரும் ஒரே சக்கரத்தை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், இறங்க வழி தெரியாமல்.

"அந்த மெசேஜ்ல நீங்க சைக்கிளத்தானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். "சைக்கிளத்தான் எழுதினேன்," என்றார். "ரெண்டு தரம் எழுதி எழுதி அழிச்சேன். அது ஏன்னு எனக்குத் தெரியாது."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருகிட்ட சொல்லிடாத. இத்தன வருஷம் கழிச்சும் இவ இப்படித்தான் நெனைக்கிறாளான்னு உடைஞ்சுடுவாரு. இனிமே வெக்க மாட்டேன். தூக்கம் வராட்டி வராம போகுது."

7

அண்ணனிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படிச் சரிசெய்வது? இந்தக் காட்சியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் பெரிய மனுஷி மாதிரி பேசுகிறேன். ஒன்றில் அண்ணன் கத்துகிறான். ஒன்றில் தாழ்ப்பாள்மேல் பழியைப் போட்டு ஆசாரியை வரச்சொல்கிறேன்.

உண்மையில் நடந்தது எதிலும் இல்லை. சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வருகிற வழியில், தெருமுனை மருந்துக்கடை வாசலில் பிடித்தேன். "அண்ணா, அந்தப் பட்டன் விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"கதவுதானே?" என்றான்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பல் டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"ஏய், காலைல முதல்ல எந்திரிக்கிறது நான். கதவத் திறக்கணும்னா சைக்கிள நகத்தணும். சுவத்துல வெச்சது எப்படிக் கதவுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப கடைல ஏன் பொய் சொன்ன?"

"அவள வெச்சுக்கிட்டா சொல்லச் சொல்ற? நல்லா கேட்ட போ."

"பேட்டரி அதனாலதான் தீருதுன்னும் தெரியுமா?"

"அது தெரியாது. அந்த ஆளு பட்டன்னு சொன்னதும்தான் புரிஞ்சுது." மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தான். "ஆனா எப்படிடி சொல்றது? சொன்னா எடுத்துடுவா. எடுத்துட்டு விடிய விடிய முழிச்சுக் கெடப்பா. நான் எத்தன வருஷம் அவ தூக்கத்தக் கெடுத்திருக்கேன். இப்பதான் தூங்குறா. குறட்டை விட்டுத் தூங்குறா, உனக்குத் தெரியுமா? அதக் கேக்க எனக்கு அவ்ளோ நிம்மதியா இருக்கு. பேட்டரி போனா போகுது, தினம் சார்ஜ் போட்டா போச்சு."

 ஓவென்று அழுதுவிடலாம் போல இருந்தது, அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது. குட்டுதான் வைத்தேன்.

8

வீட்டுக்குப் போனோம். அண்ணி கதவைத் திறந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிட்டியா?" என்று என்னை முறைத்தார்.

"அவ ஒண்ணும் சொல்லல," என்றான் அண்ணன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவைச் சாத்தினான். சைக்கிளைச் சுவரிலிருந்து எடுத்து, அப்படியே திருப்பி, பின்பக்கம் கதவுக்கு வருகிற மாதிரி வைத்து, சீட்டைக் கதவில் சாய்த்தான். ஹேண்டில்பார் நடைப் பக்கம் சும்மா நீட்டிக்கொண்டு நின்றது, எதிலும் படவில்லை.

"இந்தா, இப்படி வை," என்றான் அண்ணியிடம். "பட்டன் அமுங்காது. கதவத் திறந்தா மொத்தமா சாயும், பக்கெட்ட விட ஜாஸ்தி சத்தம் வரும். வேணும்னா மணியக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டித் தரேன்."

அண்ணி சீட்டையும் கதவையும் பார்த்தார். பிறகு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது: "தெரிஞ்சுக்கிட்டேவா இத்தன நாள் கடைக்கும் வீட்டுக்கும் அலைஞ்சீங்க? உங்களுக்கு அறிவு இருக்கா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

"நான் எப்படிங்க சொல்லுவேன்!"

"அதேதான்."

ரொம்ப நேரம் சண்டை போட்டார்கள். அவ்வளவு நிம்மதியான சண்டையை நான் பார்த்ததே இல்லை. நடுவில் யாரோ டீ போட்டார்கள். நானாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் காலையில் அண்ணன் போன் செய்தான். "பச்சை" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்கடுத்த நாளும் பச்சை. பாத்துரலாமிடம் போய்ச் சொன்னபோது, "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

9

கதை இங்கே முடிந்திருக்கலாம். பேட்டரி சரியாகிவிட்டது, சண்டை தீர்ந்துவிட்டது, என் பல்லையும் பிடுங்கியாகிவிட்டது. இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: அன்று முதல் அண்ணி சைக்கிளைச் சுவரிலேயே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

(நான் அங்கே படுத்துக்கொண்டா பார்த்தேன்? அண்ணியிடம் கேட்டால் "உன் வேலையப் பாரு" என்கிறார். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மேட்டில் ஏறுகிறான். கியர் மாறுகிறது. விர்ர். உச்சியில் சூரியன் அவனை

(சூரியனுக்கு வேறு வேலை இல்லையா.)

நிஜமான ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி இருந்தது. வெயில் ஏறுமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பேட்டரி பச்சை, அன்றைக்கு அங்கே வந்திருந்த நானே பார்த்தேன். வெயில் ஏறியது. அவன் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

அண்ணி துணி மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். இதுவரை தாமதத்துக்குப் பேட்டரி என்று ஒரு காரணமாவது இருந்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து மெனக்கெட்டு அதைச் சரிசெய்து வைத்துவிட்டோம். இப்போது அவனுக்கு ஒளிந்துகொள்ள எந்தக் காரணமும் இல்லை, எங்களுக்கும் இல்லை. நான் எழுதுகிற கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பஞ்சராவது வைத்துக் காப்பாற்றியிருப்பேன்.

மத்தியானம் கேட் சத்தம் கேட்டது. அண்ணன் சைக்கிளை ஓட்டிக்கொண்டுதான் வந்தான், தள்ளிக்கொண்டு இல்லை. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி, வாசலிலேயே நின்றான். அண்ணி எழுந்து போய் எதிரே நின்றார்.

"பேட்டரி நல்லா இருக்கு," என்றான். "கியரும் நல்லா இருக்கு. டயரும் நல்லா இருக்கு. மேல போயி உக்காந்தேன். காத்து நல்லா வந்துச்சு. எந்திரிக்க மனசு வரல. போன் பையில இருந்துச்சு, எடுக்கத் தோணல. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல."

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார்.

"சரி," என்றார்.

நகர்ந்து அவனுக்கு வழிவிட்டார்.

10

இந்தச் 'சரி'யை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆகிறது.

தமிழில் எத்தனை சரி இருக்கிறது. பேச்சை முடித்துக் கதவைச் சாத்துகிற சரி இருக்கிறது. 'பேசு, எதுவரைக்கும் போகிறாய் பார்க்கிறேன்' என்கிற சரி இருக்கிறது. களைத்துப்போய், இனிமேல் முடியாதப்பா என்று உட்கார்ந்துவிடுகிற சரி இருக்கிறது. நம்பினேன் என்று சொல்லத் தெரியாதவர்கள் அதற்குப் பதிலாகச் சொல்கிற சரியும் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் அதே இரண்டு எழுத்துதான். பக்கத்தில் 'அன்புடன்' என்றோ 'வறட்சியாக' என்றோ ஒரு சொல்லைப் போட்டால் முடிந்துவிடும். பல தடவை போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு புது அண்ணி வந்து நின்றார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

என் காதில் எப்படி விழுந்தது என்று கேட்டால், அப்பாடா என்று அப்படியே படியில் உட்கார்ந்தேன், அதுவரைக்கும் சொல்கிறேன். ஆனால் நான் தங்கச்சி. என் காதுக்கு வேண்டியதுதான் அதில் விழும்.

அவன் அதற்கப்புறம் குடிக்கவே இல்லை என்று எழுதினால் நாளைக்கு நான் பொறுப்பு. குடித்தான் என்று எழுத எனக்குக் கை வராது. இரண்டும் இல்லாமல் அவனை அந்த வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மேட்டில் ஏறி இறங்கி வந்தவன், உடம்பெல்லாம் வியர்வை, உள்ளதைச் சொல்லிவிட்டு நிற்கிறான். அண்ணியைக் கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டுக்கொள்கிறேன். அவர் இருந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அவன் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தைதான், வேறு எதுவும் வேண்டாம்.

வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் உள்ளே வரக் காத்திருக்கிறான்.